வாஷிங் மெஷின் ஊரில் காற்றாலை வேலை

அமெரிக்காவில் வேலை என்றால் நம் ஆட்களுக்கு நியூஜெர்சியும் டல்லாஸும்தான் நினைவுக்கு வரும். எனக்கு வாய்த்தது அயோவா மாநிலத்தில் உள்ள நியூட்டன். டெ மாய்ன் நகரத்திலிருந்து கிழக்கே காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். மக்கள்தொகை 15 ஆயிரம் இருக்கும். ஊரைத் தாண்டினால் எந்தப் பக்கமும் மக்காச்சோளம், சோயா. அங்கே காற்றாலை இறக்கை செய்யும் டி.பி.ஐ. ஆலைக்குக் கண்ணாடி இழைத் துணி கொடுக்கும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தேன். துணியில் குறை என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

இறக்கை செய்வது இன்னமும் பெரும்பாலும் கைவேலைதான். 40 மீட்டரைத் தாண்டும் வார்ப்பு அச்சில், துணியை அடுக்கடுக்காகக் கையால் விரிக்க வேண்டும். நடுவில் பால்சா என்ற லேசான மரத்தின் பலகைகள். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, குழாய் வழியாக ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினை, விடுவார்கள். இப்படி இரண்டு பாதிகள் செய்து ஒட்டினால் ஒரு இறக்கை. துணியில் ஒரு சுருக்கம் தங்கிவிட்டால் போச்சு. காற்றில் வளைந்து வளைந்து, சில வருடங்களில் அந்த இடத்திலிருந்தே விரிசல் கிளம்பும். அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர், கையுறை போட்ட விரல்களால் தடவிப் பார்த்தே அடியில் கிடக்கும் சுருக்கத்தைச் சொல்லிவிடுவார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மேடேக்கில் இருபது வருஷம் தகட்டைத் தடவினவன் நான்" என்றார்.

மேடேக் என்ற பெயரைச் சொல்லாமல் அந்த ஊரில் யாரும் எதையும் பேசி முடிக்க மாட்டார்கள். 1893-ல் கதிரடிக்கும் இயந்திரத்துக்குக் கட்டுகளை ஊட்டும் கருவி செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. அறுவடை முடிந்தால் அந்தக் கருவிக்கு ஆள் கிடையாது, ஆலை ஈயடிக்கும். அந்த மந்த காலத்தைச் சமாளிக்கத்தான் 1907-ல் துணி துவைக்கும் இயந்திரத்தில் இறங்கினார்கள். பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்த நேரத்தில், பெட்ரோலில் ஓடும் சிறு எஞ்சினை இயந்திரத்தின் அடியில் பொருத்தி விற்றார்கள். புகைக்குழாயை வீட்டுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு விவசாயிகளின் மனைவிமார் துணி துவைத்தார்கள். 1922-ல், மூடியிலிருந்து தொங்கிய கலக்கியைத் தொட்டியின் அடிக்கு மாற்றினார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. நியூட்டன் தன்னை உலகத்தின் வாஷிங் மெஷின் தலைநகரம் என்று சொல்லிக்கொண்ட காலம் அது.

அப்புறம் ஊரே கம்பெனியை நடத்திய மேடேக் குடும்பத்தின் பெயரில் நிறைந்துவிட்டது. பூங்கா அவர்கள் பெயரில். 1941-லிருந்து நீலப் பாலாடைக்கட்டி ஒன்றும் அவர்கள் பெயரில்தான். (அதன் டப்பாவைத் திறந்த வேகத்தில் மூடியவன் நான். அங்கே அது விருந்துப் பண்டம்.) முதலாளிகள் எல்லாம் தர்மவான்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. 1938-ல் சம்பளத்தில் 10 சதவீதம் வெட்டியபோது தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஆளுநர் இராணுவச் சட்டம் போட்டு தேசியக் காவல் படையை இறக்கினார். துப்பாக்கி முன்னால்தான் ஆலை திறந்தது. ஆனாலும், கோபம் வந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

2006-ல் வேர்ல்பூல் நிறுவனம் மேடேக்கை வாங்கியது. சில வாரங்களிலேயே நியூட்டன் ஆலையையும் தலைமை அலுவலகத்தையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆலை நின்றது. வெளியூர்க்காரர்கள் ஆலை போனதைத்தான் பேசுவார்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டால் அலுவலகம் போனதைச் சொல்வார்கள். கணக்காளர், வக்கீல், வடிவமைப்புப் பொறியாளர், விளம்பரப் பிரிவு ஆட்கள் என்று ஒரு கூட்டமே அங்கே இருந்தது. பெரிய வீடுகளை வாங்கியவர்களும் பள்ளிக்கூடக் குழுக்களில் உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான். ஆலைக்குப் பதில் இன்னொரு ஆலையைக் கூட்டிவர முடிந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பதிலாக யாரும் வரவில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கார் பந்தய மைதானம் 2006-லேயே திறந்தாயிற்று. 2008-ல் இறக்கை ஆலை வந்தது. மேடேக்கின் பழைய கட்டடம் ஒன்றில் காற்றாலைக் கோபுரம் செய்யத் தொடங்கினார்கள். 2009 பூமி தினத்தன்று ஒபாமா அங்கேதான் வந்து பேசினார். பத்திரிகைகளுக்கு அது நல்ல கதை. ஆனால் மேடேக்கில் மணிக்கு 20 டாலர் அளவில் வாங்கியவர்கள் இறக்கை ஆலையில் 13, 14 டாலருக்குத் தொடங்கினார்கள். மதிய இடைவேளையில் வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று எந்தப் பேச்சு எடுத்தாலும் அந்த வித்தியாசத்தில்தான் வந்து முட்டும்.

டி.பி.ஐ.யின் தலைமை அலுவலகம் அரிசோனா மாநிலம் ஸ்காட்ஸ்டேலில் இருந்தது. மெக்சிகோவில் ஆலைகள் இருந்தன, பின்னாளில் சென்னைப் பக்கமும் ஒன்று வந்தது. முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளின் படத்தை அந்தப் பெரியவரிடம் காட்டியிருக்கிறேன். எவ்வளவு உயரம், எத்தனை மெகாவாட் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "உங்க ஊர்ல இதுக்கு மணிக்கு என்ன கூலி?" என்றார். சொன்னேன். ரூபாயை டாலராக்கிச் சொன்னதும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

2021 கடைசியில் நியூட்டனின் இறக்கை ஆலை மூடப்பட்டது. 700 பேருக்கு மேல் வேலை போனது. அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வரும் காலத்தில் இது நடந்தது. காற்றுக்குப் பஞ்சமில்லை, வாங்குபவர்களும் இருந்தார்கள். ஆனால் இறக்கையை எங்கே செய்வது என்ற முடிவு நியூட்டனில் எடுக்கப்படவில்லை. வாஷிங்டனில் வரிச் சலுகைச் சட்டம் மாறிய பிறகு, 2024-ல் அதே ஆலையை மறுபடி திறந்தார்கள். மறு வருடம் ஆகஸ்டில் டி.பி.ஐ. நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

ஒரே ஊரில் இப்படி மூன்றாவது முறை ஆலை வாசலில் வரிசையில் நிற்பவரிடம், "திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை சொல்ல எனக்கு நாக்கு எழாது. திறமை அவர்கள் விரல் நுனியில் இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.