நகையை அடகு வைக்கும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக் கடைக்கு ஓடாதீர்கள். வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு (மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது, கல்லூரி ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லவே மாட்டார்). ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அப்புறம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய்: பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். இதற்கு மேலும் பணம் தேவையா, சரி, வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது, 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் இன்பாக்ஸுக்கு வாங்க.