22 மில்லிமீட்டர்

ஜூன் 4

தம்பி குன்றக்குடி மலைப்படியில் விழுந்துவிட்டான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தவன், கண் இருட்டுகிறது என்றுகூடச் சொல்லாமல் சாய்ந்தான். யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் எழுந்து, "ஏன் எல்லோரும் இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றான்.

காரைக்குடியில் பார்த்த மருத்துவர் வெயில் என்றார். இளநீர் குடிக்கச் சொன்னார். அதே வெயிலில் அப்பத்தா நிதானமாக ஏறி, சண்முகநாதரைத் தரிசித்து, நல்லபடியாக இறங்கி வந்தார்கள்.

ஜூன் 6

கல்லூரியில் கால்பந்து ஆடும்போதும் ஒருமுறை விழுந்தானாம். அப்போது வலிப்பு என்று முடிவுசெய்து மாத்திரை கொடுத்தார்கள். மதுரைக்குப் போவது என்று அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, சொல்லிவிட்டார்.

ஜூன் 9

மதுரை. இதய மருத்துவர் முதலில் கேட்டதே, "விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதுதான். நெடுநேரம் நின்று விழுவது வேறு, ஓடும்போதோ ஏறும்போதோ விழுவது வேறு என்றார். பிறகு தம்பியைக் குந்தி உட்காரச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி வைத்தார். நிற்கும்போது இரைச்சல் கூடுகிறதாம்.

இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோவில் தெரிந்துவிட்டது. இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள தசைச்சுவர் 22 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 15ஐத் தொட்டாலே இதயத்தசை தடிக்கும் இந்த நோயைச் சந்தேகிப்பார்களாம். தடித்த சுவர் ரத்தம் வெளியேறும் வழியை நெருக்குகிறது. இதயம் வேகமாக அடிக்கும்போதும், உடலில் நீர் வற்றும்போதும் நெருக்கம் கூடும். அதைவிடப் பயப்பட வேண்டியது, அந்தத் தசையிலிருந்து துடிப்பு திடீரென்று தாளம் தப்புவது.

"உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் உண்டா?"

அப்பச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் அண்ணன். 31 வயது" என்றார்.

ஜூன் 10

பெரியப்பச்சி வீட்டு வளவில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தபோது சரிந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். கண்ணேறு என்றுதான் இத்தனை காலமும் பேச்சு. எங்கள் வீட்டில் யார் கல்யாணத்துக்கு எத்தனை வெள்ளிப் பாத்திரம், எத்தனை எவர்சில்வர் வாளி வைத்தார்கள் என்பதற்கெல்லாம் நோட்டு இருக்கிறது. எங்கள் குலத்தில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். யார் எதனால் செத்தார் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. எனக்குக் கோபம் ஆறவில்லை.

இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதயத்தசை நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுக் குறை இந்தியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாருக்கும் பங்கு உண்டு. அந்தக் குறைதான் எங்களுடையது என்று இல்லை. ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறோம்.

ஜூன் 14

அப்பச்சியும் நானும் எக்கோ எடுத்தோம். அவருக்குத் தசைச்சுவர் 16 மில்லிமீட்டர். இத்தனை வயதுவரை ஒரு தொந்தரவும் இல்லாமல் கொண்டுவிற்று வணிகம் செய்து, கடை நடத்தி, இப்போதுதான் தெரிகிறது. எனக்குச் சரியாக இருக்கிறது. ஆனாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் சித்தப்பாவும் பார்த்தாக வேண்டும். தொலைபேசியில் வெடித்தார்: "பெண்ணுக்கு இடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது போய் இதயப் படம் எடுத்தால் நாலு ஊருக்குத் தெரியும்." தெரியட்டுமே! தெரியாமல் வைத்திருந்ததற்குப் பெரியப்பச்சி கொடுத்த விலை போதாதா?

ஜூன் 17

உடம்பில் மாட்டித் துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் பெட்டியில் கீழறைத் துடிப்பு விட்டுவிட்டு வேகமெடுத்தது பதிவாகியிருக்கிறது. காரணம் தெரியாத மயக்கம், குடும்பத்தில் ஒரு திடீர்ச் சாவு, இதுவும் சேர்ந்ததால் நெஞ்சுக்குள் டிஃபிப்ரிலேட்டர் வைக்கச் சொல்கிறார்கள்; தாளம் தப்பினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி அது. துடிப்பைத் தணிக்க பீட்டா பிளாக்கர் தொடங்கியாயிற்று.

எதிர்வீட்டு ஐயா அன்போடு நெஞ்சுவலிக்குத் தாம் நாக்கடியில் வைக்கும் மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிவிடாதே என்று தம்பியிடம் ஜாடை காட்டினேன். ரத்தக்குழாயை விரிக்கும் அந்த மாத்திரை இவனுக்கு அடைப்பைக் கூட்டிவிடும்.

ஜூன் 21

கருவி வைத்தாயிற்று. இடது கையைத் தோளுக்கு மேல் சில வாரம் தூக்கக் கூடாது. சட்டை மாட்ட ஆள் தேவைப்படுவதில் அவனுக்குச் சந்தோஷம்.

மாலையில் சித்தப்பா மகள் தேவகோட்டையிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தாள். மதுரையில் எக்கோவுக்கு நாள் வாங்கிவிட்டாளாம். "என் அப்பச்சியிடம் இப்போது சொல்லாதீர்கள் ஆச்சி. முடிவு வந்ததும் நானே சொல்கிறேன். பேசுகிற வீட்டாரிடமும் நானே சொல்வேன்."

அக்காவை எங்கள் பக்கம் ஆச்சி என்போம். நானும் வருகிறேன் என்றேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வா என்று அனுப்பினேன்.