வேகத்தடைக்கு எதிரே கீரை வேண்டாம்

எங்கள் வீடு பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஒரு வேகத்தடைக்கு நேர் எதிரே இருக்கிறது. முன்பக்கம் வெயிலும் உண்டு, தண்ணீர்க் குழாயும் உண்டு. அங்கேதான் தண்டங்கீரை விதைக்க வேண்டும் என்று அத்தை பாத்தி கட்டிவிட்டார். வேண்டாம் என்றேன். பள்ளியில் வேதியியல் நடத்துகிற மருமகள் வாய்த்தால் இப்படித்தான், கீரைக்கும் வகுப்பு எடுப்பாள் என்றார்.

“பஸ் புகைதானே? கழுவினால் போகிறது” என்பது அவர் கட்சி. புகை போகட்டும். வேகத்தடைக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் பிரேக் பிடிக்கிறது. பிடிக்கும்போதெல்லாம் பிரேக் கட்டை தேய்ந்து செம்பும் ஆன்டிமனியும் பொடியாக உதிரும். டயர் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு கலந்திருப்பதால் அதன் தேய்மானத்தில் துத்தநாகம் வரும், கூடவே கொஞ்சம் காட்மியமும். மின்சார பஸ்ஸே வந்தாலும் டயர் தேயத்தான் செய்யும்.

ஈயத்தின் கதை வேறு. பஸ்ஸும் லாரியும் டீசலில் ஓடுபவை. அவற்றின் மேல் இந்தப் பழியைப் போட முடியாது. என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக பெட்ரோலில்தான் ஈயம் கலந்தார்கள். 1995இல் பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் அதுதான் என்றானது. ஆனால் அதற்கு முன் காரும் ஸ்கூட்டரும் கக்கிய ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, விரல்கடை ஆழத்தில் கிடக்கும். சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்தில் வெட்டிய மண்ணை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி முற்றத்தை மேடாக்கினார் மாமா. அத்தை பாத்தி கட்டியிருப்பது அந்த மண்ணில்.

சொன்னால் நம்பமாட்டார் என்று ஒரு பொருளைக் காட்டினேன். சக்கரம் ஆடாமல் சுழல ரிம் விளிம்பில் சிறு கட்டி ஒன்றை மாட்டுவார்கள்; குலுக்கலில் அது தெறித்து விழும். வேகத்தடைக்குப் பக்கத்தில் கிடந்த ஒன்றைக் காகிதத்தால் பிடித்து எடுத்து வந்தேன். காந்தம் இழுக்கவில்லை. தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. ஈயம். இப்படிக் கிடப்பதை டயர்கள் நசுக்கி அரைத்தே மண்ணோடு சேர்த்துவிடும். அத்தை அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மண்ணில் விளையாடிவிட்டு விரலைச் சூப்பும் பேத்தியையும் பார்த்தார். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாலையை விட்டு விலக விலக இந்த உலோகங்கள் சட்டென்று குறையும். ஆகவே பாத்தி கிணற்றடிக்கு, வீட்டின் பின்பக்கத்துக்குப் போனது. நிறையத் தொழு உரம் போட்டோம். அது ஈயத்தை வேருக்கு எளிதில் விடாமல் பிடித்துவைக்கும். காட்மியம் அவ்வளவு அடங்காது, இலைக்கு ஏறிவிடும். முன்பக்கம் செம்பருத்தியும் அரளியும் நெருக்கி நட்டாயிற்று. அவை தூசியைக் கொஞ்சமாவது தடுக்கும், அவற்றை யாரும் சமைக்கப்போவதும் இல்லை.

முருங்கை மட்டும் மதிலோரமே நிற்கிறது. வெட்ட அத்தை விடவில்லை. காயைப் பறிக்கலாம், கீரை வேண்டுமானால் பின்பக்கத்தில் நட்ட புதுப் போத்து வளரட்டும் என்று அவரே சட்டம் போட்டிருக்கிறார்.