பாபநாசம் எத்தனை அடி?

நெல்லையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராகச் சேர்ந்ததும் என் தலையில் கட்டப்பட்டது அணை நீர்மட்டப் பெட்டிச் செய்தி. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த உச்ச மட்டங்கள் மாறாது. அன்றன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றத்தை மட்டும் போனில் கேட்டு எழுத வேண்டும். குமாஸ்தா வேலைதான்.

ஒருநாள் கடைசி நேர விளம்பரம் வந்து பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே கன்னடியன் கால்வாய் விவசாயி ஒருவர் போன் செய்தார். "ஏன் தம்பி, நாத்துப் பாவவா வேண்டாமான்னு நான் எதப் பாத்து முடிவு பண்ண?" "நாளைக்குக் கண்டிப்பா வரும் அண்ணாச்சி" என்றேன். கார் பருவ நெல் சாகுபடிக்கு அணை திறக்கும் ஜூன் மாதத்தில் முதல் பக்கத்தை எடுத்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

தாமிரபரணிக் கரைக்கு அச்சு புதிதல்ல. பாளையங்கோட்டை மிஷனரிகளின் 'நற்போதகம்' 1849இலேயே வந்தது. 1920களில் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவி குருகுலத்திலிருந்து 'பாலபாரதி' நடத்தினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட சண்டையை ஊரறியச் செய்தது வெளியூரிலிருந்து வந்த வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு'. மதம் பேச, தேசம் பேச இதழ்கள் இருந்தன. வாய்க்கால் பேச நாளிதழ் வேண்டியிருந்தது. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'தினமலர்', மாநில எல்லைகள் மாறிய மறு ஆண்டு, 1957இல், நெல்லைக்கு வந்தது.

என் காலத்தில் அம்பை (அம்பாசமுத்திரம்), ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நிருபர்கள் பலர் பேப்பர் ஏஜென்டும்கூட. விடியலில் கட்டுப் பிரிப்பார்கள், மத்தியானம் செய்தி எழுதுவார்கள், அப்புறம் பஸ் டிரைவரிடம் கவரைக் கொடுத்துவிடுவார்கள். டீசல் வாடையோடு வரும் கவருக்குள் கோயில் கொடை, தூர் வாராத மடை, சாலை மறியல், கூடவே விற்காத பிரதிகளின் கணக்குச் சீட்டு. பஸ் பிரேக்டவுன் என்றால் அன்று அம்பையில் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது நீர்மட்டம் காலையிலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஆனால் எந்தக் கால்வாய்க்கு எத்தனை நாள் தண்ணீர், கடைமடைக்கு ஏன் எட்டவில்லை என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை. அதைக் கேட்க அண்ணாச்சிகள் இன்றும் அம்பை நிருபரைத்தான் கூப்பிடுகிறார்கள்.