காதை அடைக்காத பட்ஸும் ஊட்டி மலை ரயிலும்

சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் மேட்டுப்பாளையம், 7.10-க்கு மலை ரயில், மதியம் ஊட்டி. ஓப்பன் இயர்பட்ஸ் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று பார்க்க இது தோதான பாதை. ஸ்டேஷன் கூச்சல், சக்கரத்தின் கடகடப்பு, நடுராத்திரி நிசப்தம், காடு என்று எல்லாம் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

ஓப்பன் பட்ஸில் ரப்பர் முனை கிடையாது. காதுத் துளைக்கு வெளியே நின்றபடியே பாடும். மடலுக்குப் பின்னால் கொக்கிபோல மாட்டுவது ஒரு வகை, மடலைக் கவ்வும் கிளிப் இன்னொரு வகை. எலும்பு வழியாக ஒலி கடத்துவது வேறு ரகம்; கடையில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

சென்ட்ரல் பிளாட்பாரத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாட்டு ஓடும்போதே பிளாட்பாரம் மாறிய அறிவிப்பும், பின்னால் வரும் பேட்டரி வண்டியின் ஹாரனும் காதில் விழும். வண்டி வேகமெடுத்ததும் நிலைமை தலைகீழ். துளை அடைபடாததால் வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும், பேஸ் வெளியே கசியும். தண்டவாள இரைச்சலும் பெரும்பாலும் அதே கீழ்ச் சுருதிதான். மிருதங்கத்தில் கூர்மையாக ஒலிக்கும் வலப்பக்கமான வலந்தலை கேட்கும், கனமாக ஒலிக்கும் இடப்பக்கமான தொப்பி கேட்காது.

உடனே கை வால்யூமை ஏற்றும். ஆபத்து அங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90-க்குப் போனால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். ஜன்னல் திறந்த ஸ்லீப்பர் பெட்டியில் இரைச்சலை மிஞ்சப் பார்த்தால் ஒரே ராத்திரியில் அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்துவிடலாம். பேஸ் பூஸ்ட் போடுவதும் வீண்: ஸ்பீக்கர் சிறியது, அதிகம் உழைத்து பேட்டரியைத் தின்னும், குரலும் கலங்கும். ஒலியின் ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் பேஸைக் கொஞ்சம் குறைத்து, 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை 2, 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள், பேச்சு தெளியும். இசைதான் வேண்டுமென்றால், ரப்பர் முனை வைத்த பழைய ஒயர் இயர்போன் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரவு 10 மணிக்குமேல் ரயிலில் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது. ஓப்பன் பட்ஸ் கசியும் என்பதால் இது நமக்கும் பொருந்தும். ஓடும் வண்டியில் பக்கத்து பெர்த்துக்குக் கேட்காத வால்யூம், ஈரோட்டில் வண்டி நின்றதும் பெட்டி முழுக்கக் கேட்கும். ஒருக்களித்துப் படுத்தால் கொக்கி குத்தும், தூக்கத்தில் கழன்றால் பெர்த் இடுக்கில் தேட வேண்டியதுதான். பல ரயில்களில் 11 மணி முதல் 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடுவார்கள். பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் கேஸை அதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.

காலையில் ஒரு பட் மட்டும் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். பட்டின் அடியிலும் கேஸின் குழியிலும் உள்ள உலோகப் புள்ளிகளில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். உலர்ந்த காது பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். போகாவிட்டால் குச்சி நுனியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் மறுபடி பிசுக்காகும். ஈரமான பட்ஸைக் கேஸில் போடுவதுதான் பெரிய தப்பு: உப்பு நீரும் மின்சாரமும் சேர்ந்தால் புள்ளிகள் அரித்துப்போகும். பட்ஸுக்கு ஐபிஎக்ஸ்4, அதாவது தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் தரம், இருந்தாலும் கேஸுக்கு அது பெரும்பாலும் இருக்காது.

மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ., 208 வளைவு, 16 குகை. குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே முன் பெட்டியில்தான் இரைச்சல் குறைவு. கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை தொடங்கியதும் வேகம் மணிக்குச் சுமார் 13 கி.மீ.தான், ஜன்னல் காற்றும் உறைக்காது. 30, 40 சதவீத வால்யூமே போதும். குகைக்குள் சத்தம் திரும்பி அடிக்கும். வால்யூமைத் தொடாமல் பாட்டை நிறுத்துங்கள், குகை சீக்கிரம் முடிந்துவிடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் வேண்டியதை முதல் நாளே டவுன்லோடு செய்துவிடுங்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் பட்ஸைக் கழற்றலாம்; காடு பேசும்.

ஊட்டியில் குளிருக்குக் குல்லா வரும். மூக்குக்கண்ணாடிக் காம்பு முதலில், அதன்மேல் கொக்கி, கடைசியாகக் குல்லா. கழற்றும்போது குல்லாவுக்குள் விரல்விட்டு பட்ஸை முதலில் எடுங்கள். குல்லாவை இழுத்தால் பட்ஸும் கூடவே வரும், படகு இல்லத்தில் அது நடந்தால் நேரே ஏரிக்குள்தான்.