லீஃப் காரின் மூக்கில் ஒரு கேமரா

முதல் தலைமுறை நிஸான் லீஃப் மின்சாரக் காரில் சார்ஜ் ஏற்றும் வாய் முன்மூக்கில் இருக்கிறது. அதனால் சார்ஜர் பக்கம் மூக்கை நீட்டித்தான் வண்டியை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில்தான் குட்டைக் கம்பங்களும் கான்கிரீட் தடுப்புகளும் இருக்கும். பம்பருக்குக் கீழே இருக்கும் அவை ஓட்டுநர் கண்ணுக்குப் படாது. ஜப்பானில் ஓடி இலங்கைக்கு வந்த லீஃப்களில் பின்கேமராவைப் பரவலாகப் பார்க்கலாம். முன்கேமரா சில உயர் வகைகளில் மட்டுமே உண்டு. ஆகவே அதைத் தனியாக மாட்டும் வேலை அடிக்கடி வருகிறது.

இந்த வேலையில் எங்கள் விதி ஒன்றுதான்: நாம் மாட்டியது இருப்பதே வண்டிக்குத் தெரியக் கூடாது. நாளைக்கு அதைக் கழற்றி எடுத்தால் ஒரு ஒயர்கூட வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. காரில் ஏற்கெனவே உள்ள திரையிலேயே படம் வர வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். அந்தத் திரை ரிவர்ஸ் கியர் போட்டால்தான் கேமராவுக்கு மாறும். அதை ஏமாற்ற ரிவர்ஸ் ஒயரில் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால், அது திரும்பி ஓடிப் பின்பக்க ரிவர்ஸ் விளக்கையும் எரியவிடும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போட்டுத் தடுக்கலாம், ஆனால் அதற்கு மூல ஒயரை வெட்டியாக வேண்டும். இரண்டு வீடியோ உள்ளீடு கொண்ட தனி 5 அங்குலத் திரை அழகில் சற்றுக் குறைவுதான், தொல்லையும் குறைவு.

ஒரே உள்ளீட்டில் இரண்டு கேமராவை 'ஒய்' கேபிளால் சேர்ப்பது வழக்கமான தவறு. அணைந்திருக்கும் கேமராவும் 75 ஓம் சுமையாக நின்று படத்தை மங்கலாக்கும். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே வைத்து மாற்றினாலும், ஹெட்லைட்டுக்குப் போடும் 40 ஆம்பியர் ரிலே இங்கே உதவாது. அதன் தொடுமுனைகள் சுத்தமாக இருக்க நல்ல மின்னோட்டம் ஓட வேண்டும். வீடியோவில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். சில மாதத்தில் முனையில் ஆக்ஸைடு படிந்து படம் விட்டு விட்டு வரும். தங்கமுலாம் முனை கொண்ட சிறிய சிக்னல் ரிலேதான் வேண்டும்.

கேமரா வாங்கும்போது மெகாபிக்சலைப் பார்ப்பதைவிட வேறு மூன்றைப் பார்ப்பது நல்லது. முதலாவது, சிக்னல் வகை. ஜப்பானியத் திரைகள் என்.டி.எஸ்.சி. என்ற வீடியோ முறையை எதிர்பார்ப்பவை, பால் (PAL) என்ற வேறு முறைக் கேமராவைக் கொடுத்தால் படம் உருளும், அல்லது வண்ணம் போய்விடும். ஏ.எச்.டி. என்ற உயர்தெளிவு அனலாக் வகைக் கேமராவைச் சாதாரணத் திரை ஏற்காது. இரண்டாவது, படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி. பின்கேமராவாக விற்பவை கண்ணாடிப் பிம்பம் காட்டும். முன்னால் அப்படியே மாட்டினால் வலப்பக்கச் சுவர் திரையில் இடப்பக்கம் தெரியும். கேமரா ஒயரில் தொங்கும் சிறு வளையங்களில் ஒன்றை வெட்டினால் பிம்பம் மாறும், மற்றொன்றை வெட்டினால் வழிகாட்டிக் கோடுகள் மறையும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கூட வரும் தாளைப் பார்க்காமல் வெட்ட வேண்டாம். மூன்றாவது, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐ.பி. எண். 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். பிரஷர் வாஷ் அடிக்கும் வண்டிக்கு 69கே தேவை.

இடம் தேர்வதில்தான் நேரம் போகும். நிஸான் சின்னம் சார்ஜ் மூடியின்மேல் இருக்கிறது, மூடி திறந்து மூடும். அங்கே கேமரா வைத்தால் ஒயர் மடிந்து மடிந்தே அறுந்துவிடும். மூடிக்கு நேர் கீழே வைத்தால் சேடமோ என்ற வேக சார்ஜ் பிளக்கின் தடித்த கேபிள் தொங்கி லென்ஸை உரசும். எனவே நடுவிலிருந்து 15 முதல் 20 செ.மீ. ஒதுக்கி, நம்பர் பிளேட்டை மறைக்காமல் வைப்பது வழக்கம்.

சாய்வைக் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். லென்ஸ் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில், மேல்கீழ்க் கோணம் 90 பாகை என்று கொள்வோம். 15 பாகை கீழே சாய்த்தால் படத்தின் அடிவிளிம்பு லென்ஸுக்கு 32 செ.மீ. முன்னால் தரையைத் தொடும். 25 பாகை சாய்த்தால் அது 20 செ.மீ. ஆகும். இன்னும் சாய்த்தால் பம்பரே படத்தில் பாதியை அடைக்கும். பம்பர் விளிம்பு அடியில் மெல்லிய கோடாகத் தெரிவதுதான் சரியான நிலை. கேமராவின் சொந்தக் கோடுகளை நம்ப முடியாது, அவை வேறு உயரத்துக்குப் போட்டவை. சமதரையில் 30 செ.மீ., 60 செ.மீ., 1 மீட்டரில் டேப் ஒட்டி, அது தெரியும் இடத்தைத் திரையின் ஓரத்தில் குறிப்பது மேல்.

தாங்கியை 3டி பிரிண்டரில் அடிப்பவர்கள் பி.எல்.ஏ. பயன்படுத்துவதைப் பார்க்கிறோம். அது 60 பாகை செல்சியஸ் வாக்கிலேயே இளகும். வெயிலில் நின்ற கருப்புப் பிளாஸ்டிக் அந்தச் சூட்டை எட்டிவிடும், கேமரா தலை கவிழும். ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் சூட்டையும் வெயிலையும் தாங்கும். பம்பர் பாலிபுரொப்பிலீன் என்பதால் வி.எச்.பி. என்ற வலுவான இருபக்க டேப்பும் நேரடியாகப் பிடிக்காது. ஆல்கஹாலால் துடைத்து, பிரைமர் பூசி ஒட்ட வேண்டும். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர் அடிக்கக் கூடாது.

ஒயர் இழுப்பதுதான் மின்சாரக் காரில் மாறுபடும் இடம். மூக்குக்குப் பின்னால், கை இயல்பாகப் போகும் வழியிலேயே, சார்ஜ் வாயிலிருந்து வரும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் இருக்கின்றன. ஆரஞ்சு என்றால் உயர் மின்னழுத்தம். லீஃபின் பெரிய பேட்டரி 360 வோல்ட் வாக்கில் இருப்பது. அவற்றின்மேல் ஒயரைக் கட்டவே கூடாது. ஆபத்து ஒரு காரணம். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் மின் இரைச்சல் வீடியோவில் ஏறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் குறுக்குக் கோடுகள் ஓடும் என்பது இன்னொன்று. குறைந்தது 10 செ.மீ. தள்ளி, ஷீல்டு உள்ள 75 ஓம் கேபிளைப் போட்டு, கேமராவுக்கும் திரைக்கும் ஒரே இடத்தில் எர்த் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் கோடு நிற்காவிட்டால் கேமராவுக்கு வண்டியின் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேட்டட் டி.சி. கன்வெர்ட்டர் வைக்கலாம். கேபினுக்குள் நுழைய, ஏற்கெனவே ரப்பர் வளையம் (குரோமெட்) உள்ள துளை போதும். கேபினுக்கு முன்னால் உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலில் டிரில் வைக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தை பவர் சாக்கெட் ஃபியூஸிலிருந்து ஃபியூஸ் இடத்தில் செருகிப் புதிய கிளை எடுக்கும் ஃபியூஸ் டாப் மூலம் எடுக்கலாம். அதற்கு முன் அந்த ஃபியூஸை வண்டி அணைந்த நிலை, ஓடும் நிலை, சார்ஜ் ஏறும் நிலை மூன்றிலும் மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். ஏர்பேக், பிரேக் ஃபியூஸ்கள் பக்கம் போகவே வேண்டாம். புதிய கிளைக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். டாப்பைத் திருப்பி மாட்டினால் இரண்டு சுமையும் ஒரே ஃபியூஸ் வழியே ஓடும் என்பதையும் கவனிக்க வேண்டும். வேகத்தைப் பார்த்துத் திரை தானே அணைய வேண்டும் என்று ஓ.பி.டி. என்ற பழுதறியும் போர்ட்டில் கை வைப்பவர்கள் தகவலைப் படிப்பதோடு மட்டும் நிறுத்திக்கொள்ளட்டும், வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் அந்த கேன் (CAN) கம்பியில் எதையும் அனுப்பக் கூடாது. ஒரு பொத்தானும் டைமர் ரிலேயும் போதுமே.

எல்லாம் முடிந்ததும் வண்டியை அணைத்துவிட்டு, நம் கிளையில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். வெறும் 20 மில்லி ஆம்பியர் ஓடினாலும் மாதத்துக்கு 14 ஆம்பியர்-மணி போய்விடும். 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளான காண்டாக்டர்கள் மூடாது; அதில் முழுச் சார்ஜ் இருந்தும் வண்டி கிளம்பாது. பிறகு மழையில் படம் மங்கினால் லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, கனெக்டருக்கு முன் ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.