எட்டுப்பட்டைக் கூரை

மார்ச் 9
ரிப்போர்ட் வரவில்லை. அக்கா தூங்குகிறாள்.

மார்ச் 10
மதியம் ஃபிளாரன்ஸ் பேராலயம். கூரையின் உட்பக்கம் வசாரியும் சுக்காரியும் வரைந்த தீர்ப்பு நாள் ஓவியம். எனக்கு அது வேண்டாம், அதற்குப் பின்னால் இருக்கிற செங்கல்தான் வேண்டும். 1296-இல் தொடங்கிய கட்டடம். 1367-இல் இவ்வளவு அகலமாகக் குவிமாடம் வரும், வெளியே தாங்குசுவர் கிடையாது என்று ஃபிளாரன்ஸ் ஊரார் ஒப்புக்கொண்டாகிவிட்டது. எப்படிக் கட்டுவது என்று அன்று ஒருவருக்கும் தெரியாது! 1418-இல்தான் வழி கேட்டுப் போட்டியே அறிவித்தார்கள். நினைக்க நினைக்கக் கோபம் வருகிறது. எந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டார்கள்?

மார்ச் 11
மழை. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 13
தூக்கம் இல்லை. சென்ட்ரிங் அடிக்காமல் எப்படி? ஏறத்தாழ 45 மீட்டர் அகலம். கீழிருந்து முட்டுக்கொடுக்கக் காட்டையே வெட்ட வேண்டியிருக்கும். குவிமாடத்தைக் கட்டிய புருனெலெஸ்கி முட்டே வேண்டாம் என்றார். படுக்கையாக அடுக்கிய செங்கல் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஒரு செங்கலை நெட்டாக நிறுத்துவது, அடுத்த வரிசையில் அதை ஒட்டி இன்னொன்று. நெட்டுக்கற்கள் சுருளாக மேலேறும். உள்பக்கம் சாயும் வரிசையை அவை பிடித்துக்கொள்ளும். வளையம் மூடிவிட்டால் அது தானே நிற்கும். வெளியே எட்டுப்பட்டையாகத் தெரிந்தாலும் சுவரின் கனத்துக்குள் ஒரு வட்டம் ஓடுகிறது. ஆனால் வளையம் மூடுகிறவரை? கலவை ஈரமாக இருக்கும் அந்த நேரம்? எனக்கு அந்த நேரம்தான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. 40 லட்சத்துக்கும் மேல் செங்கல், 1420 ஆகஸ்டிலிருந்து 1436 வரை.

மார்ச் 14
அக்கா கஞ்சி கேட்டாள். அவளாகவே கேட்டாள்! சாயங்காலம் மாடு கட்டி இழுத்த ஏற்று இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். பாரம் ஏறவும் இறங்கவும் மாட்டைத் திருப்ப வேண்டியதில்லை, பல்சக்கரத்தை மாற்றினால் போதும். “ஒரே பக்கமா சுத்தினா மாட்டுக்குத் தலை சுத்தாதாடி?” என்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

மார்ச் 17
463 படி. குவிமாடம் இரண்டு அடுக்கு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய பாதை. கூரையில் விரிசல்கள் உண்டு. பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். 1980-களிலிருந்து கருவி பொருத்தி அளந்துகொண்டே இருக்கிறார்கள். இறங்கும்போது கால் நடுங்கியது.

மார்ச் 19
உச்சியில் உள்ள பளிங்குக் கூண்டு முழுதாக எழுவதை புருனெலெஸ்கி பார்க்கவில்லை. 1446 ஏப்ரலில் போய்விட்டார். இதை அக்காவிடம் சொல்ல மாட்டேன்.

மார்ச் 20
ரிப்போர்ட் வந்தது.

மார்ச் 25
1436-இல் இதே நாளில் போப் நான்காம் யூஜின் வந்து பேராலயத்தை அர்ப்பணித்தார். அப்போதைய ஃபிளாரன்ஸுக்கு இதுதான் வருடப் பிறப்பு. நல்ல நாள் என்றே எடுத்துக்கொள்கிறேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

மார்ச் 26
ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அத்தான் வரும் ரயில் பன்னிரண்டு மணிக்கு. கூட்டிவர யாரையாவது அனுப்ப வேண்டும், நான் இங்கிருந்து நகர மாட்டேன்.